தீவிரச் சிகிச்சைச் செவிலியரும் பொது வார்டும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"ஐசியூ சிஸ்டருக்கு வார்டு வேலை எம்மாத்திரம்?" என்ற எண்ணம், கேரள–தமிழ்நாடு எல்லையை ஒட்டி, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் மட்டுமன்றி, செவிலியர் பற்றாக்குறை உள்ள இடங்களில் எல்லாம் கேட்கக்கூடியதாகும். உயிருக்குப் போராடும் நோயாளியையே கவனித்துக்கொள்பவருக்கு, எழுந்து நடமாடும் நோயாளிகளைக் கவனிப்பதில் என்ன சிரமம் என்பதே இதன் பின்னுள்ள வாதம். கோவிட் காலம் இதற்கு வலுச்சேர்த்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கடலோரப் புல்லுவிளையிலும் திருவனந்தபுரம் பூந்துறையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாக 2020 ஜூலை 17 அன்று கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்த அந்நாள்களில், உலகெங்கும் செவிலியர்கள் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். பேரிடரில் வேறு வழியின்றிச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, எந்தச் செவிலியரும் எந்தப் படுக்கைக்கும் பொருந்துவார் என்பதற்குச் சான்றாகப் பின்னர் எடுத்துக்கொள்ளப்பட்டது தவறான முடிவாகும்.

தீவிரச் சிகிச்சைப் பணி என்பது பொது வார்டுப் பணியின் மேல்படி அன்று; அது வேறொரு பணி. அமெரிக்கச் செவிலியல் அறிஞர் பட்ரிசியா பென்னர், 1984இல் வெளியான தமது நூலில், செவிலியரின் திறன் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர்நிலை வரை ஐந்து நிலைகளில் வளர்வதாக விளக்கியபோது, பழக்கமில்லாத வகை நோயாளிகளிடம் செல்லும் எந்தச் செவிலியரும், முன்பு எவ்வளவு தேர்ந்தவராயினும், மீண்டும் தொடக்கநிலைக்கே இறங்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொன்னார். ஒன்றிரண்டு நோயாளிகளின் இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் நிமிடந்தோறும் மானிட்டர் திரையில் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கப் பழகிய ஒருவர், திரையே இல்லாத கூடத்தில் இருபது முப்பது பேருக்கு நேரந்தவறாமல் மருந்து கொடுத்து, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டு, வீடு திரும்புபவருக்கு மருந்துச் சீட்டை விளக்கி, இவற்றுக்கிடையே யாருடைய முகம் வெளிறுகிறது என்பதையும் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது. யாரை முதலில் பார்ப்பது, யார் சற்றுக் காத்திருக்கலாம் என்று தரம்பிரிக்கும் இந்தத் திறன் வார்டிலேயே நாள்பட்டு வளர்வதாகும்.

எல்லைப்புறத்தில் இதனுடன் மொழியும் சேர்ந்துகொள்கிறது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளி, தொண்டைக்குள் குழாய் இருப்பதால் பேச முடியாதவர். வார்டு நோயாளியோ தன் நோயைச் சொல்லால் சொல்பவர். தமிழ்நாட்டின் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்து படுத்திருக்கும் முதியவர் "நெஞ்சு வலிக்குது" என்று சொல்வதாகக் கொள்வோம். தமிழில் வலி என்பது நோவு. மலையாளத்தில் நோவுக்கு வழங்கும் சொல் 'வேதன', 'வலி' என்பதற்கு இழுத்தல் என்பது பொருள், 'வலிவு' என்றால் மூச்சிரைப்பு நோய். அந்த வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றிய சிஸ்டருக்கு இந்த வேறுபாடு பழகிப்போன ஒன்று. வட கேரளத்திலிருந்து வந்து, ஐசியூவிலிருந்து அன்று காலையில்தான் அங்கு அனுப்பப்பட்ட ஒருவருக்கு, மாரடைப்பின் முன்னறிகுறி மூச்சிரைப்பாகக் காதில் விழ இடமுண்டு.

"ஐசியூவில் நோயாளிகள் சிலரே, அங்கிருந்து ஒருவரை அனுப்பினால் குறைந்துவிடாது" என்பது இரண்டாவது நம்பிக்கை. ஒன்றிய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோலின்படி, பொது வார்டில் 6 படுக்கைக்கு 1 செவிலியரும், தீவிரச் சிகிச்சைப் பிரிவில் 1 படுக்கைக்கு 1 செவிலியரும் இருத்தல் வேண்டும். எனவே 30 படுக்கை வார்டுக்கு 5 பேர், 6 படுக்கை ஐசியூவுக்கு 6 பேர் என்பதே கணக்கு. பின்னதை மிகையென்று கருதுவோர், படுக்கையை எண்ணுகிறார்களே தவிர அதில் கிடப்பவரின் நிலையை எண்ணுவதில்லை. கரமனை–களியக்காவிளை நெடுஞ்சாலையில் நேரும் ஒரே விபத்து, மதியம் காலியாயிருந்த இரண்டு படுக்கைகளை மாலைக்குள் நிரப்பிவிடக்கூடும். அமெரிக்கச் செவிலியல் ஆய்வாளர் லிண்டா எய்க்கனின் குழுவினர் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு அறுவைச் சிகிச்சை நோயாளியாலும், சேர்க்கப்பட்ட 30 நாள்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைக் கண்டது. வார்டின் ஆபத்தைக் குறைப்பதற்காக ஐசியூவில் அதே ஆபத்தைக் கூட்டுவது தீர்வாகாது.

வார்டுக்குப் போகத் தயங்கும் செவிலியரைப் பணிய மறுப்பவர் என்று சொல்வது இவை எல்லாவற்றிலும் கொடுமையான நம்பிக்கை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1999இல் இயற்றிய சட்டம், ஒரு பிரிவின் பணிமுறையை அறிமுகப்படுத்தி, அங்கு வேலை செய்யும் திறன் உள்ளதென உறுதிசெய்யாமல் எந்தச் செவிலியரையும் அப்பிரிவில் அமர்த்தக்கூடாது என்கிறது. அங்கே சட்டம் கட்டாயமாக்கியதை இங்கே ஒரு செவிலியர் வாய்விட்டுக் கேட்டால், அது நோயாளியின் பாதுகாப்புக்கான குரலே அன்றி ஆணவம் அன்று.

இடமாற்றமே கூடாது என்பது இதன் பொருளன்று. பற்றாக்குறை உண்மையானது, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கேரளச் செவிலியர் செல்வதும் தொடர்கிறது. அனுப்பியே ஆகவேண்டிய நாளில், தனி நோயாளிகளை ஒப்படைக்காமல் வார்டுச் செவிலியர் ஒருவருக்குத் துணையாக நிறுத்துவதும், மருந்து அலமாரியும் அவசர மருந்து வண்டியும் இருக்கும் இடத்தை முதலிலேயே காட்டுவதும், ஐசியூவில் புது நோயாளி வந்தவுடன் திரும்ப அழைத்துக்கொள்வதும் குறைந்தபட்சக் கடமைகள். அவ்வாறு எத்தனை ஷிஃப்டுகளில் ஐசியூ செவிலியர் வார்டுக்கு அனுப்பப்பட்டனர் என்ற எண்ணிக்கையை, உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இடம்பெறும் மருத்துவமனை மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லைச் சிற்றூர் மக்கள் தங்கள் உறுப்பினர் வழியாகக் கேட்டுப் பெறவேண்டும்; பணியிடங்கள் நிரப்பப்படாமல் இருப்பதை அந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும்.