வாடகையா, சொந்த வீடா? கையில் பேனா எடுங்கள்

வாடகை வீண் என்பது பாதி உண்மைதான். 50 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் மாதம் அதில் 35,400 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 8,000 மட்டும். அதனால் வாடகையைத் தவணையோடு ஒப்பிடாதீர்கள். வட்டி, சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், முன்பணத்துக்கு வங்கியில் கிடைத்திருக்கும் வட்டி, இவற்றின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டில் பழைய ஃபிளாட் வாங்கினால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. இது பொதுவாக வங்கிக் கடனில் வராது, கையிலிருந்துதான் போகும். தயவுசெய்து இதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். நாலைந்து வருடத்தில் ஊர் மாற வாய்ப்பிருந்தால் வாடகையிலேயே இருங்கள்.