சுவர் எழுந்த வரிசை

நோட்களை (node) ஒயரால் இணைத்து டெக்ஸ்சர் உருவாக்கும் வேலை கற்கக் கோபன்ஹேகனுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் என்னிடம் கொண்டுவரும் குறை ஒன்றுதான்: “எல்லா நோட்டும் சரியாக இருக்கிறது, படம் மட்டும் சரியாக வரவில்லை.” அப்போது எண்களைத் திருகாதீர்கள். முன்னால் வர வேண்டியது பின்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாசல் தெளிக்காமல் புள்ளி வைப்பதில்லை, புள்ளி வைக்காமல் கம்பி இழுப்பதில்லை. இந்தத் தொழிலும் அப்படித்தான்.

1. முதலில் சுவரைப் போய்ப் பாருங்கள். பிஸ்பெபியர் பகுதியில் கிருண்ட்விக் தேவாலயம் இருக்கிறது. 1921இல் தொடங்கி 1940இல் முடிந்த கட்டடம், 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மஞ்சள் செங்கற்கள். மண்ணைச் சுட்டது முதலில். அடுக்கிச் சாந்து வைத்தது அடுத்து. மழையும் கரியும் பாசியும் கடைசியில். நோட்களும் அந்த வரிசையிலேயே நிற்கட்டும். ஆரம்ப காலத்தில் நான் மழைக்கறையைச் சாந்துக்கு முன்னால் இணைத்துவிட்டேன். செங்கல்லில் இருந்த கறை சாந்தின் மேல் ஓடவே இல்லை. நான்கு நாள் கறையின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். பிழை ஒரே ஒரு ஒயரில் இருந்தது.

2. அளவையும் திசையையும் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். டென்மார்க்கின் வழக்கமான செங்கல் 228 × 108 × 54 மில்லிமீட்டர். சாந்தோடு சேர்த்து மூன்று வரி அடுக்கினால் 200 மில்லிமீட்டர். இதைப் பிறகு மாற்றினால் நாய்ஸ் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். சுவரைச் சாய்க்கும்போது இன்னும் கவனம் தேவை. படத்தின் மீது வேலை செய்யும் நோட் என்றால் நீட்டிய பிறகு சுழற்றுங்கள். ஆயத்தொலைவுகள் மீது வேலை செய்வது என்றால் நேர் எதிர்: சுழற்றிய பிறகு நீட்டுங்கள். மாற்றிச் செய்தால் செங்கல்லின் செங்கோணம் போய், இணைகரமாகச் சரிந்துவிடும். மூலைகள் சரிந்து தெரிந்தால் இந்த இரண்டு நோட்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

3. ப்ளர், த்ரெஷோல்ட் இரண்டில் எது முன் என்பதை விளைவு சொல்லும். ப்ளர் செய்து த்ரெஷோல்ட் வைத்தால் ஓரம் கூர்மையாக இருக்க, மூலை மட்டும் தேய்ந்து உருளும். பழைய செங்கல்லுக்கு வேண்டியது அதுதான். த்ரெஷோல்ட்டுக்குப் பிறகு ப்ளர் வைத்தால் ஓரமெல்லாம் புகைபோல் கலங்கும்.

4. மேடு பள்ளங்களை முதலில் ஒன்றாகச் சேருங்கள். நார்மல் மேப்பாக மாற்றுவது கடைசி. இரண்டு நார்மல் மேப்பை வண்ணம்போல் பாதிப் பாதி கலந்தால் இரண்டுமே தட்டையாகிவிடும். மேடு பள்ளத்திலிருந்து நார்மலைப் பெறுவதன் வேர் 1978இல் ஜிம் பிளின் காட்டிய வழி. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 2008இல் மோர்டன் மிக்கெல்சன் தம் ஆய்வேட்டில் அதையே மறுபடி எடுத்து ஆராய்ந்தார். அவர் வகுத்த மிக்டிஸ்பேஸ் முறையை இன்று பிளெண்டர் உட்படப் பல மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. மேப்பை உருவாக்கும் இடமும் காட்டும் இடமும் ஒரே முறையில் இல்லாவிட்டால் இணைப்பு விளிம்புகளில் கோடு விழும். அப்போது உங்கள் நோட்டைக் குறை சொல்லாதீர்கள்.

5. மெல்லிய நாய்ஸைச் சேர்ப்பது, எண்களை 8 பிட்டாகச் சுருக்குவதற்கு முன். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். இருண்ட சாம்பல் மெல்ல மாறும் இடத்தில் அந்தப் படிகள் பட்டைகளாகத் தெரியும். இந்த நகரத்தின் பிளேடெட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘இன்சைட்’ விளையாட்டின் மூடுபனி இருட்டைப் பாருங்கள். பட்டை விழாமல் இருக்க, சுருக்குவதற்கு முன்பே நாய்ஸ் தூவினார்கள். சுருக்கிய பிறகு தூவினால் பட்டை பட்டையாகவே இருக்கும், மேலே மணல் மட்டும் சேரும்.

6. பிழை தெரிந்தால் நோட் கிராஃபை நடுவில் வெட்டிப் பாருங்கள். நடு நோட்டின் படம் சரியென்றால் பிழை பின்பாதியில்; இல்லையென்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி வெட்டுங்கள். அறுபது நோட் இருந்தாலும் ஆறு தடவையில் பிழையைத் தொட்டுவிடலாம்.

7. ஒவ்வொரு ஒயரையும் இணைக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: “இது நடந்தபோது சுவரில் ஏற்கெனவே என்ன இருந்தது?” பதில் தெரியவில்லை என்றால் இணைக்காதீர்கள். எழுந்து போய், மழையில் நனையும் ஒரு சுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.