வராதவர்களிடம் கேட்டு அறியும் பாடம்



"சிகிச்சை இலவசம் என்று அறிவித்த பிறகும் ஏழைகள் ஏன் வருவதில்லை?" என்று உங்களில் பலர் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் காணிக்கையால் கட்டில் வாங்கப்படுகிறது, மருந்து வாங்கப்படுகிறது, கட்டடமும் எழும்புகிறது. ஆனால் அவை யாருக்காக வாங்கப்பட்டனவோ அவர்களில் பலர் வாசலை மிதிப்பதே இல்லை. இந்த இதழின் பாடப் பகுதியில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனை, பேருந்து, ஆலயம் போன்ற பொது இடங்களை அங்கே வந்து போகிற மனிதரிடமிருந்தே தொடங்கித் திட்டமிடுவதை இக்காலத்தில் "மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு" என்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறது, காரியம் எளிமையானது. அதைப் பற்றிக் கற்றுக்கொள்ள நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. மதுரைச் சீமையிலேயே நல்ல பாடம் இருக்கிறது.

முதலில் வழியைப் பார்ப்போம். கள்ளிக்குடிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மதுரைக்குப் போக வேண்டுமானால் திருமங்கலத்துக்கு வந்து பேருந்து மாற வேண்டும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க அவருக்கு எழுத்தும் தெரியாது, இப்போது பார்வையும் இல்லை. ஆகவே கூட ஒருவர் வர வேண்டும். மருமகள் வந்தால் பருத்தி எடுக்கிற கூலி அன்றைக்குப் போயிற்று. ஆட்டுக்கு யார் தழை போடுவது, பிள்ளைகளுக்கு யார் கஞ்சி காய்ச்சுவது என்பதும் இருக்கிறது. பேருந்தின் முதல் படி பாட்டியின் முழங்கால் உயரம். அதற்கு மேலே, கண்ணில் கத்தி வைப்பார்கள் என்கிற பயம். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணையாளர் ஒருவருக்கும் அந்தச் சலுகை உண்டு. இது பெரிய உதவிதான். ஆனாலும் அது பேருந்துப் படியின் உயரத்தைக் குறைக்கவில்லை, மருமகளின் கூலியைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை. மருத்துவமனை "இலவசம்" என்று சொல்லும்போது பெரும்பாலும் தன் வாசலுக்கு உள்ளே ஆகிற செலவைத்தான் சொல்லுகிறது. பாட்டியின் செலவோ அவருடைய வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்த்தவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார். அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இளவயதில் வந்த முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கான கண்களுக்கு அவர் அறுவை செய்தார். உலகத்திலுள்ள பொருள்கள் எல்லாம் வேறு யாருடைய கைக்கோ செய்யப்பட்டவை என்பதை அவருக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிராமந்தோறும் கண் முகாம் நடத்தினார்கள். அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அப்படியும் பார்வை மங்கியவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன சொல்லுவோம்? "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்போம். அந்தச் சொல் எங்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வராதவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்துகொள்ள அது வசதி செய்து தருகிறது. அரவிந்தின் ஆர். டி. துளசிராஜும், கிரிஜா பிரில்லியன்ட் முதலான ஆய்வாளர்களும் அந்த முடிவோடு நின்றுவிடவில்லை. 90 கிராமங்களை எடுத்துக்கொண்டு, எட்டு விதமான முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவை செய்து பார்வை பெற்ற ஒருவரை வீடு வீடாக அனுப்பிப் பேசச் செய்வது ஒரு வழி. பரிசோதனை வண்டியை அனுப்புவது இன்னொரு வழி. சில கிராமங்களில் அறுவை மட்டும் இலவசம். வேறு சில கிராமங்களில் போக்குவரத்தும் சாப்பாடும்கூட இலவசம். 1991இல் வெளியான அந்த ஆய்வில், வழிச்செலவையும் சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்த இடங்களில் கூடுதலான பேர் அறுவைக்கு முன்வந்தது தெரிந்தது. அறிவுக்குக் குறைவில்லை, பேருந்துக் கட்டணத்துக்குத்தான் குறைவு என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

அதன் பிறகு முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை ஒரே பேருந்தில் ஏற்றி, மதுரைக்கு அழைத்துச் சென்று, சாப்பாடு கொடுத்து, அறுவை முடிந்ததும் திரும்ப ஊரிலேயே கொண்டுவந்து விடுவது அவர்களுடைய வழக்கமாயிற்று. இதிலுள்ள நுணுக்கத்தைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் அதே வண்டியில் வருவதால் தனித் துணை தேவைப்படவில்லை. மருமகள் பருத்திக் காட்டுக்குப் போகலாம். பயமும் பத்துப் பேருக்குள் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது. இலவசப் பிரிவில் உயரமான கட்டிலுக்குப் பதிலாகத் தரையில் பாய் விரித்தார்கள். பட்டணத்துக் கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். வாழ்நாள் முழுவதும் பாயில் படுத்தவருக்கோ, கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் இரவில், விழுந்துவிடாமல் படுக்கத்தக்க இடம் அதுதான்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. 1999இல் லண்டனைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் ஃபிளெட்சர் என்ற ஆய்வாளரும் அரவிந்தைச் சேர்ந்தவர்களும் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, கண்ணில் குறையுள்ள கிராமத்தாரில் ஏறக்குறைய 7 சதவீதம் பேரே முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. நூற்றுக்கு ஏழு! அத்தனை பேருந்து, அத்தனை சாப்பாட்டுக்குப் பிறகும் இவ்வளவுதான். வேறொரு நிறுவனமாக இருந்தால் இந்த எண்ணை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கும். அவர்கள் அதை அச்சிலேயே வெளியிட்டார்கள். வந்தவர்களை எண்ணிச் சந்தோஷப்படுவது எல்லாருக்கும் கைவந்த காரியம். வராதவர்களை எண்ணுவதற்குத்தான் மனத்துணிவு வேண்டும்.

முகாம் என்பது வருஷத்தில் ஏதோ ஒரு நாள் நடப்பது. அன்றைக்குக் களையெடுப்பு இருக்கலாம், வீட்டில் துக்கம் இருக்கலாம். ஆகவே ஒரு நாளுக்குள் மனிதரை இழுப்பதை விட்டு, எல்லா நாளும் திறந்திருக்கும் சிறிய பார்வை மையங்களை 2004 முதல் சிறு ஊர்களில் அமைத்தார்கள். ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒரு மையம் என்பது கணக்கு. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்புகிறார். பெரிய மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் திரை வழியாக நோயாளியோடு பேசி முடிவு சொல்லுகிறார். கண்ணாடி போட்டால் போதும் என்றால் பட்டணத்துக்கு அலைய வேண்டியதே இல்லை. அரவிந்தில் இப்படிப்பட்ட பணியாளர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். "என்ன ஆத்தா, எந்தக் கண்ணு மங்குது?" என்று தங்கள் பேச்சிலேயே கேட்கிறவரிடம் பாட்டிக்குக் கூச்சம் எப்படி வரும்? இன்று இத்தகைய மையங்கள் நூறுக்கும் மேல் இருக்கின்றன.

மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்திலும் இதற்கு ஒப்பான சம்பவங்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை செய்துவந்த நாட்களில், குணமாகிவந்த சிலருடைய விரல்கள் இரவில் காயம்பட்டுக் குறைந்துகொண்டே வந்தன. நோய் திரும்பிவிட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது. ஓர் இரவு விழித்திருந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. எலி கடித்துக்கொண்டிருந்தது, உணர்ச்சியற்ற விரலுக்குச் சொந்தக்காரர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு ஆளுக்கொரு பூனையையும் அனுப்பினார்கள். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத மருந்து அது. நோயாளியின் இரவைப் போய்ப் பார்த்தபடியால் கிடைத்தது.

செருப்பின் காரியமும் இப்படியே. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்க மென்மையான ரப்பரில் செருப்பு செய்தார்கள். பாதத்துக்கு அது மிகவும் நல்லது. ஆனால் கறுத்துத் தடித்த அந்தச் செருப்பைப் பார்த்தவுடனே, போட்டிருப்பவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஊர் எல்லையில் அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தவர்கள் உண்டு. புண் மறுபடியும் வந்தது. கடைச் செருப்பைப் போலவே தோற்றமளிக்கும்படி செய்யத் தொடங்கிய பிறகுதான் அது பலருடைய காலில் தங்கியது. பாதத்தை மாத்திரம் அளந்தால் செருப்பு பொருந்தாது. அவர் எந்தத் தெரு வழியாக நடந்து போகிறார் என்பதையும் அளக்க வேண்டியிருந்தது.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவருடைய உழைப்பால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. வாசலில் ஒரு படி இருந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே தலைமை மருத்துவரே தினமும் அறிந்திருந்தார்.

எரிகோவுக்கு அருகே வழியோரம் உட்கார்ந்திருந்த பார்வையற்றவரிடம், அவருக்கு என்ன வேண்டும் என்று ஆண்டவர் கேட்டதை நாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பார்வைதான் வேண்டும் என்பது கூட்டத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆயினும் கேட்டார்.

இனி நம்முடைய ஊர் காரியத்துக்கு வருவோம். கட்டடத்துக்குக் காணிக்கை கேட்டால் வருகிறது. வழிச்செலவுக்குக் கேட்டால் தயக்கம் வருகிறது. காரணம் விளங்காமல் இல்லை. பேருந்துக் கட்டணத்தில் கல்வெட்டுப் பதிக்க முடியாதல்லவா? ஆனால் மேலே சொன்ன 90 கிராமங்களின் பாடத்தைப் பார்த்தால், வரும் ஆண்டில் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கை வழிக்கும் சாப்பாட்டுக்கும் துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலிக்கும் ஒதுக்குவது புதிய கட்டிலைவிட அதிகம் பேரைக் கொண்டுவரும் என்றே நாங்கள் நினைக்கிறோம். இதை உங்கள் சபைக் கமிட்டியில் பேசிப் பாருங்கள்.

உங்கள் ஆலயத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை செய்கிற தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. 2024 நவம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் ஆகாது, கட்டாயமானவையாக வகுக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கட்டுகிற சாய்தளங்கள் அநேகமாய் உபயோகப்படுவதில்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே குறைந்தபட்ச அளவு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி. அதற்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். ஐந்தாறு அடியில் சிமெண்டைச் சரித்துவிட்டு "சாய்தளம் இருக்கிறது" என்று சொல்லுகிற இடங்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளி ஏற்றுவது மிகவும் கடினம். இறங்கும்போதோ உயிருக்கே ஆபத்து. கட்டுகிறதற்கு முன்பே சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை அழைத்து, சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டிக் கேளுங்கள். கொத்தனாருக்கும் அது உதவியாக இருக்கும்.

கழிப்பறையையும் மறவாதீர்கள். மருத்துவமனைக்கு வருகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவரால் குத்தவைத்து உட்கார முடியாது. ஆகவே இரண்டு விதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வயதானவர்கள் எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள, சுவரில் உறுதியான கம்பி பதியுங்கள். சக்கர நாற்காலி நுழைய வாசல் மூன்று அடி அகலமாவது இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். வெளியே நிற்கிறவர் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது.