அலுவலக ஏஐயிடம் வேலை வாங்க 12 குறிப்புகள்

கண்டியை அடுத்த குண்டசாலைப் பக்கத்து அலுவலகங்களில் சிங்களத்தில் ஒரு கடிதம் வரும். அதற்கு ஆங்கிலத்தில் பதில் போகும். அதே விஷயத்தைத் தமிழில் அறிவித்தலாக ஒட்டவும் வேண்டியிருக்கும். சட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ இதற்கெல்லாம் கைகொடுக்கும். ஆனால் அது நம் ஊர்ப் பிள்ளை அல்ல. நாம் சொல்லாமல் விட்டதை வேறு ஊர்ச் சரக்கால் நிரப்பிவிடும்.

1. முதல் வரியிலேயே நாட்டைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடிதத்தில் 'மாவட்ட ஆட்சியர்', 'வட்டாட்சியர்' என்று தமிழ்நாட்டுப் பதவிகள் வந்து உட்காரலாம். "இலங்கை அலுவலகத் தமிழில் எழுது, பிரதேச செயலாளர், கிராம அலுவலர், ரூபா என்றே போடு" என்று எழுதுங்கள்.

2. யார், யாருக்கு, எதற்கு என்ற மூன்றும் வேண்டும். "லீவு லெட்டர் எழுது" என்றால் போதாது. "பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மகளின் பாடசாலைக் கூட்டத்துக்காகத் திங்கட்கிழமை அரைநாள் விடுமுறை வேண்டும். மனிதவள முகாமையாளருக்குப் பணிவான கடிதம் எழுது" என்று கேட்டுப் பாருங்கள்.

3. 'சுருக்கமாக' என்பதற்கு அளவில்லை. "ஆறு வரி", "அரைப் பக்கம்" என்று கணக்குச் சொல்லுங்கள்.

4. ஊர்ப் பெயர்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்திலிருந்து மாற்றும்போது பேராதனை 'பெரடேனியா' ஆகிவிடலாம். குண்டசாலை, திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை என்று ஒரு பட்டியலை முதலில் ஒட்டி, "இந்த எழுத்தை மாற்றாதே" என்று சொல்லுங்கள்.

5. பழைய தமிழ்க் கடிதத்தை ஒட்டும்போது ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றனவா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏஐக்குக் கொடுங்கள்.

6. சம்பளக் கணக்கில் வீதத்தை நீங்களே சொல்லுங்கள். இங்கே ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் 3 வீதம் கட்டுவார். நிதிக்குக் கணக்கிடும் வருமானம் 60,000 ரூபா என்றால் 4,800, 7,200, 1,800 என்று வரவேண்டும். ஒருவரின் கணக்கைக் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குப் போங்கள்.

7. மாத வேலை அட்டவணை கேட்கும்போது போயா தினங்களைக் கலண்டரைப் பார்த்துத் திகதியோடு கொடுங்கள். எசல பெரஹரா நாட்களில் கண்டி நகருக்குள் லொறி போக நேரமாகும். அதையும் சொன்னால்தான் அட்டவணை உதவும்.

8. சுற்றறிக்கை பற்றிக் கேட்பதானால் அதை முழுதாக ஒட்டுங்கள். "இதில் உள்ளதை வைத்து மட்டும் சொல், இல்லாததை 'இல்லை' என்று சொல்" என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால், சுற்றறிக்கையில் இல்லாத இலக்கத்தையும் பிரிவையும் ஏஐ வெகு நம்பிக்கையோடு எழுதிவிடும்.

9. அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டவே வேண்டாம். பிறந்த ஆண்டும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அந்த இலக்கத்திலேயே இருக்கின்றன. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பதால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பெயருக்குப் பதில் 'ஊழியர் அ', 'ஊழியர் ஆ' என்று போட்டு, கடிதம் வந்த பிறகு நிரப்புங்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமே வந்திருக்கிறது.

10. மூன்று மொழியையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒன்றைத் திருத்தி முடித்தபின் மற்றதைக் கேளுங்கள். வந்த சிங்களத்தைத் திரும்பத் தமிழாக்கச் சொன்னால் பெரிய பிழைகள் பிடிபடும். ஒட்டுவதற்கு முன் பக்கத்து மேசைச் சிங்கள நண்பர் ஒருமுறை வாசிக்கட்டும்.

11. "சரியில்லை, மாற்று" என்றால் நன்றாக இருந்த வரியும் மாறிப்போகும். "இரண்டாம் பந்தி கோபமாக இருக்கிறது, அதை மட்டும் தணி" என்று இடத்தைக் காட்டுங்கள். அடுத்த வேலையைப் புதிய உரையாடலில் தொடங்குங்கள். அப்போது காலையில் கேட்ட விலைப்பட்டியல் மாலைக் கடிதத்தில் தலைகாட்டும் வாய்ப்புக் குறையும்.

12. நல்ல பதில் தந்த கேள்வியை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாடு, ஊர்ப் பட்டியல், பதவிப் பெயர்கள், வீதங்கள் ஆகியவை மாறாமல் மேலே இருக்கட்டும். திகதியையும் விஷயத்தையும் மட்டும் மாற்றுங்கள். நீங்கள் லீவில் போனாலும் உங்கள் இடத்துக்கு வருபவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிடுவார்.