பலாவும் ஈரப்பலாவும்

லா சப்பல் கடைகளிற் காணும் பச்சைக் காய்கள் இரண்டுக்கும் பலா என்றே பெயரெழுதினர் எம் மாணவர் சிலர். அவர்களைக் குறைகூறோம், அவர்கள் கண்டது காயை, மரத்தையன்று.

இரண்டும் உறவினமே. ஆலும் அத்தியும் இவற்றின் குடும்பத்தனவே. எங்கு கீறினும் பால் வடியும்; அதனாலன்றோ அம்மா கத்தியில் எண்ணெய் பூசுகிறார்! பலா அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கும். முப்பது கிலோப் பழத்தை நுனிக்கொப்பு தாங்குமா? ஈரப்பலாவின் காய் சிறிது. ஆதலால் கொப்பு நுனியிலேயே தொங்கும். அதன் இலை பெரிது. விரித்த கைபோல ஆழப் பிளந்தது. பலாவிலை பிளவற்றது. ஊரிற் பலாவிலையைக் கோலிக் கூழ் குடித்தோம். ஈரப்பலாவிலையிற் குடித்தால் கூழ் சட்டையில்தான்!

ஆயினும் பலாவின் இளங்கன்றைப் பாருங்கள். அதன் இலையும் பிளந்திருக்கும். வளர்ந்தபின் பிளவு மறையும். இதனாற்போலும், பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1789இல் அதற்கு 'வேறுபட்ட இலையுடையது' எனப் பொருள்படும் எட்டரோபில்லஸ் என்னும் பெயரைச் சூட்டினார்.

பலாவின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. ஈரப்பலாவின் மூதாதை நியூகினிப் பக்கத்தது; பசிபிக் தீவினர் அதைப் படகிலேற்றித் தீவுதோறும் நட்டனர். பிரெஞ்சுக்காரர் அதனைப் பாண்மரம் என்பர். லமார்க் பெயரிட்ட அதே 1789இல், தகித்தியிலிருந்து கன்றுகளுடன் புறப்பட்ட 'பவுண்டி' கப்பலில் மாலுமிகள் கலகஞ்செய்து அவற்றைக் கடலில் எறிந்தனர். தலைவர் பிளை மீண்டும் முயன்று, 1793இல் மேற்கிந்தியத் தீவுகளிற் சேர்ப்பித்தார். விதையைக் கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். நாம் உண்ணும் ஈரப்பலாவுக்குப் பெரும்பாலும் விதையில்லை. வேரிலிருந்து கிளம்பும் கன்றையே பிரித்து நடவேண்டும்.

பலாவுக்கோ விதையுண்டு, ஆனால் அது காத்திராது. 2010இல் ஊரை விட்டபோது சாவகச்சேரிப் பலாக்கொட்டை ஐந்தைத் துணியில் முடிந்து வந்தோம். வழியில் எட்டு மாதங்கள் கழிந்தன. பாரிசு வந்து சாடியில் ஊன்றி நாடோறும் நீர் வார்த்தோம். ஒன்றும் முளைக்கவில்லை. உலர்ந்த பலாவித்து உயிரிழக்கும் என்பதை விஞ்ஞானம் கற்பித்த நாமே மறந்திருந்தோம்.

பெற்றோர் பழுத்த பலா வாங்கினால் எல்லாக் கொட்டையையும் கறிக்கு விட்டுவிடாதீர்கள். ஒன்றைக் கழுவி அன்றே சாடியில் ஊன்றுங்கள். சன்னலோரம், சூட்டில் வையுங்கள். இலை வந்ததும் அதனை வரைந்து வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.