பழைய கணினியும் நிறுவல் வட்டும்

பின்வரும் பகுதியை வாசித்து, தொடர்ந்து வரும் கேள்விகளுக்கு விடையளித்திடுக.

மலாக்கா மாநிலத்தின் செங் வட்டாரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்தின் மூலையில் பழைய மேசைக் கணினி ஒன்று துணி போர்த்தப்பட்டிருக்கிறது. அக்காள் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது அப்பா வாங்கித் தந்தது. தோட்டத்து லயத்து வீட்டின்முன் பாட்டி நிற்கும் நிழற்படங்கள் அதன் வன்தட்டில் மட்டுமே உள்ளன. இப்போது கணினியின் இயங்குதளம் பழுதாகிவிட்டது. தம்பி வேறோர் இயங்குதளத்தைப் பதிவிறக்கம் செய்து, குறுவட்டில் பதிந்து கணினியில் இடுகிறான். திரையில் பழைய பிழைச்செய்தியே மீண்டும் தோன்றுகிறது.

“இந்தக் கணினி செத்துப்போய்விட்டது, அப்பா. பழைய இரும்பு வாங்குபவரிடம் போட்டுவிடலாம்,” என்கிறான் தம்பி. அவன் கூற்று சரியா?

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்து, பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருவள்ளுவர் காட்டும் வழி. கணினிக்கும் இது பொருந்தும். வட்டு வேலை செய்யவில்லை என்பது நோயின் அறிகுறி மட்டுமே. காரணத்தை அறிய, கணினி எவ்வாறு கண்விழிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்விசையை அழுத்தியதும் பழைய கணினிகளில் ‘பயாஸ்’ எனப்படும் சிறு நிரல் இயங்கத் தொடங்குகிறது. தாய்ப்பலகையில் உள்ள சில்லில் அது பதியப்பட்டிருக்கும். நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு போன்றவற்றைச் சோதித்த பின்னர், இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று அது தேடும். அந்தத் தேடலுக்கு ஒரு வரிசை உண்டு. வன்தட்டு முதலிலும் குறுவட்டு இறுதியிலும் இருந்தால், பயாஸ் முதலில் வன்தட்டுக்கே செல்லும். அங்குள்ள பழுதான இயங்குதளத்தில் சிக்கிக்கொண்டால், குறுவட்டை எட்டிப் பார்க்கவே பார்க்காது. எனவே, கணினி தொடங்கியவுடன் ‘டெலீட்’, ‘எஃப்2’ போன்ற விசையை அழுத்திப் பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து, குறுவட்டை முதலிடத்திற்குக் கொண்டுவர வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறுபடும். பெரும்பாலும் தொடக்கத் திரையிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். மாற்றிய வரிசை மறுநாள் மறைந்துபோனால், தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். அதனை மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

வரிசை சரியாக இருந்தும் பயனில்லை என்றால், வட்டு பதியப்பட்ட முறையைக் கவனிக்க வேண்டும். இயங்குதளங்கள் பெரும்பாலும் ‘ஐஎஸ்ஓ’ என்னும் ஒற்றைக் கோப்பாகவே கிடைக்கின்றன. அக்கோப்பு ஒரு முழு வட்டின் அச்சுப்படி போன்றது. அதனைச் சாதாரணக் கோப்பைப் போலக் குறுவட்டில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. வட்டுப் பதிவு மென்பொருளில் ‘வட்டுப் படிமத்தைப் பதிதல்’ என்னும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிந்த வட்டைத் திறந்து பார்த்தால் பல கோப்புகளும் கோப்புறைகளும் தெரிய வேண்டும். ஒரே ஓர் ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால், பதிந்த முறை தவறு. மேலும், குறுவட்டின் கொள்ளளவு ஏறக்குறைய 700 மெகாபைட்டு. டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட்டு. குறுவட்டை மட்டுமே படிக்கும் பழைய இயக்கியில் டிவிடியை இட்டால் அதனால் படிக்க இயலாது.

சில கணினிகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 குறுவட்டிலிருந்து கணினி நேரடியாகத் தொடங்காது. முதலில் 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டு ஒன்றால் கணினியைத் தொடக்கி, அதன் பின்னரே குறுவட்டைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அதே 1995இல் ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய நிறுவனங்கள் ‘எல் டொரிட்டோ’ என்னும் தர முறையை வகுத்தன. தொடக்க நிரல் வட்டின் எப்பகுதியில் உள்ளது என்பதைப் பயாஸுக்குக் காட்டும் முறை அது. அதற்கான குறிப்பு, குறுவட்டின் 17ஆம் எண் பகுதியில் இடம்பெறும். இம்முறையின் ஒரு வகையில் குறுவட்டின் ஒரு பகுதி நெகிழ்வட்டைப் போல நடிக்கும். மற்றொரு வகையில் அந்த நடிப்பு இல்லை. பழைய பயாஸ் சில, முதல் வகையை மட்டுமே சரியாகப் புரிந்துகொண்டன. பிற்கால வட்டுகளோ பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அதனால்தான் ஒரே வட்டு ஒரு கணினியில் இயங்கி, மற்றொன்றில் இயங்காமல் போகிறது. இந்நிலையில் ‘ஸ்மார்ட் பூட் மேனேஜர்’ போன்ற சிறு நிரலை நெகிழ்வட்டில் பதிந்து, அதன்வழி குறுவட்டைத் தொடங்கச் செய்யலாம்.

வட்டு தொடங்கிய பின்னர் நின்றுவிட்டால், கணினியின் செயலியைக் கவனிக்க வேண்டும். 32 பிட் செயலியில் 64 பிட் இயங்குதளம் இயங்காது. டெபியன் என்னும் இலவச இயங்குதளத்தின் 12ஆம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. அதற்கு 32 பிட் நிறுவல் வட்டு உண்டு. 2025இல் வெளிவந்த 13ஆம் பதிப்புக்கு இல்லை. புதியது எல்லாம் பழைய கணினிக்குப் பொருந்தாது என்பதற்கு இது சான்று. டெபியனின் வரைகலை நிறுவியில் தமிழையே மொழியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது நமக்கு மகிழ்ச்சியூட்டும் செய்தி.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது வன்தட்டில் உள்ளவை அழிந்துபோகக்கூடும். ஆகவே, வன்தட்டில் நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் வட்டு ஒன்றால் முதலில் கணினியைத் தொடக்கி, நிழற்படங்களை விரலியில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். நகலெடுத்த படங்கள் வேறொரு கணினியில் திறக்கின்றனவா என்று சரிபார்த்த பின்னரே நிறுவலைத் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் முயன்ற பின்னரும் கணினி இயங்காவிட்டால், அதனைக் குப்பைத்தொட்டியில் வீசக்கூடாது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி மின்னியல், மின்னணுக் கழிவுகள் அட்டவணைக் கழிவுகளுள் அடங்கும். அவற்றை முறையான சேகரிப்பு மையத்திடமே ஒப்படைக்க வேண்டும்.

செங்கில் உள்ள அந்த வீட்டிற்குத் திரும்புவோம். தம்பி தன் வட்டைத் திறந்து பார்க்கிறான். உள்ளே ஒரே ஓர் ஐஎஸ்ஓ கோப்பு! கணினி சாகவில்லை, வட்டுத்தான் பிழையாகப் பதியப்பட்டிருந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்தது கணினி மட்டுமன்று, பாட்டியின் படங்களும்தான்.

கருத்துணர் கேள்விகள்

1. தம்பி இட்ட வட்டிலிருந்து கணினி தொடங்காததற்குக் காரணம் என்ன?
2. ஒரே நிறுவல் வட்டு ஒரு கணினியில் இயங்கி, மற்றொன்றில் இயங்காமல் போவது ஏன்?
3. இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.
4. ‘காரணத்தை ஆராயாமல் ஒரு பொருளைப் பயனற்றது என்று முடிவு செய்யக்கூடாது.’ இக்கருத்தை உன் அனுபவத்துடன் தொடர்புபடுத்தி விளக்குக.