வேற்றுநாட்டுப் பந்தி

நிலமும் நீரும் வெயிலும் குளிரும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஆதலின், உண்ணும் பொருளும் உண்ணும் முறையும் வேறுபடுதல் இயல்பே. கல்வியின்பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவர்க்கு, ஆசிரியரினும் முன்னதாகப் பாடம் கற்பிப்பது அந்நாட்டு உணவு மேசையே ஆகும்.

சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கேனும் கடலூரிலேனும் பயின்ற மாணவர் ஒருவர், மேற்படிப்பிற்காக ஸ்பெயின் நாட்டிற்குச் செல்வதாகக் கொள்வோம். நண்பகலில் உண்டு பழகிய அவருக்கு, அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் பகலுணவு கிடைக்கும். இரவுணவோ ஒன்பது மணிக்கு மேல். பத்து மணி ஆவதும் உண்டு. இதனைச் சோம்பலின் விளைவு என்று கருதுதல் பிழை. தன் நிலக்கிடக்கைக்குப் பொருந்தும் நேரத்தை விடுத்து, 1940-ஆம் ஆண்டு முதல் நடு ஐரோப்பிய நேரத்தை அந்நாடு மேற்கொண்டு வருகின்றது. ஆதலின், கடிகாரக் கணக்கில் அங்குக் கதிரவன் உச்சிக்கு வருவதும் மறைவதும் காலந்தாழ்ந்தே நிகழும். உணவு வேளை தள்ளிப்போவதற்கு உரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

உணவு தொடங்கும்போது, 'புவென் புரோவெச்சோ' என்று ஒருவரை ஒருவர் வாழ்த்துவர். உண்ட உணவு நன்மை பயப்பதாகுக என்பது அதன் கருத்து. உண்டு முடித்ததும் அவர்கள் உடனே எழுவதில்லை. நெடுநேரம் அமர்ந்து உரையாடுவர். அவ்வுரையாடலுக்குச் 'சோப்ரேமேசா' என்று தனிப்பெயரே உண்டு. நம்மவரோ உண்ட கை உலர அமர்ந்திருத்தலை விரும்பார். ஆயினும், பந்தியில் மூத்தோர் எழுமுன் இளையோர் எழுதலை முறையாகக் கொள்ளார். வழக்கங்கள் வேறாயினும், உடன் உண்பாரை மதித்தல் என்னும் பண்பு இரண்டிற்கும் பொதுவாம்.

இனி, உணவுப் பொருள்களை நோக்குவோம். வலென்சியா வட்டாரத்தார் அகன்ற தட்டை வாணலியில் அரிசியும் குங்குமப்பூவும் இட்டுச் சமைக்கும் 'பாயேயா' என்னும் சோறு பெரும்புகழ் வாய்ந்தது. 711-ஆம் ஆண்டில் அரபியரும் பெர்பெரியரும் அந்நாட்டுட் புகுந்தனர். பின்னர் நிகழ்ந்த அவர்தம் ஆட்சியில் நெற்பயிரும் கத்திரியும் அங்குப் பரவின. நம் நாட்டில் தொன்றுதொட்டு விளையும் கத்திரி, இவ்வாறு மேற்றிசை சென்றது.

மேற்றிசையிலிருந்து நம்மிடம் வந்த பொருள்களும் பல. 1492-இல் ஸ்பெயின் அரசின் துணையோடு கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். அதன் பின்னரே மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் உலகெங்கும் பரவின. பண்ருட்டி வட்டாரத்தில் செழித்து வளரும் முந்திரி, போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து இந்தியாவிற்குக் கொணர்ந்த மரமாகும். கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே உள்ள பறங்கிப்பேட்டையும், நம் வீட்டுப் பறங்கிக்காயும் அயலவர் வரவைத் தம் பெயரிலேயே தாங்கி நிற்கின்றன. சிதம்பரத்தின் பெயரால் வழங்கும் கொத்சில் கத்திரிக்காய் நம் நாட்டது. மிளகாய் கடல் கடந்து வந்தது. எனவே, ஸ்பெயின் நாட்டு மேசையில் அமரும் தமிழ் மாணவர், முற்றிலும் அயலான உணவை உண்பவர் அல்லர்.

ஊன் உண்ணாதார்க்கு அங்கு இடர்ப்பாடு உண்டு. காய்கறிக் கறிகளிலும் பன்றியிறைச்சித் துண்டுகளைச் சேர்க்கும் வழக்கம் அந்நாட்டில் இருத்தலின், உண்ணுமுன் கேட்டறிதல் வேண்டும். இதற்கு நாணுதல் வேண்டா. 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், ஊனும் மதுவும் தீண்டேன் என்று அன்னைக்கு அளித்த வாக்கைக் காத்தார். பல நாள் வயிறார உண்ணாது வருந்திய பின்னரே, மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டு மகிழ்ந்தார். அவர் தம் நோன்பினை விட்டாருமல்லர். ஊன் உண்ணும் நண்பரை வெறுத்தாருமல்லர்.

தம் நெறியில் உறுதியும் பிறர் வழக்கத்தில் மதிப்பும் உடையவர், எந்நாட்டுப் பந்தியிலும் அயலவராகார். வேற்றுநாட்டிற்குக் கல்வி கற்கச் செல்வோர் இவ்விரண்டனையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.